மொபைல் பிராட்பேண்ட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் வேலையிடத்திலும் "நெட் விஷயமா, அவனைக் கேளு" என்று எப்படியோ பெயர் வாங்கிவிட்டேன். அதனால் ஒரே சந்தேகம் ஒன்பது பேரிடமிருந்து வருகிறது, ஒன்பது பேருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. ஆறு வருடம் சிம் போட்ட ரௌட்டர் ஒன்றை மட்டும் நம்பி வீட்டிலிருந்து வேலை பார்த்தவன் நான். இப்போது ஃபைபர் இருக்கிறது, ஆனாலும் அந்த ரௌட்டரைத் தூக்கிப் போடவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும், அதனால் முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

மொபைல் பிராட்பேண்டுன்னா என்ன? போன்ல வர்ற நெட்டுதானே?

ஆமாம், அதேதான். செல்போன் டவரிலிருந்து ரேடியோ அலையில் வருகிற இணையம். போனிலேயே பார்த்தாலும் சரி, சிம்மை ஒரு ரௌட்டரில் போட்டு வீடு முழுக்க வைஃபையாகப் பரப்பினாலும் சரி, சரக்கு ஒன்றுதான். 2001 அக்டோபரில் ஜப்பானில் 3ஜி வணிக சேவையாகத் தொடங்கியது, 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் 4ஜி வந்தது, 2019 ஏப்ரலில் தென்கொரியாவும் அமெரிக்காவும் 5ஜியைத் தொடங்கின. 3ஜி காலத்தில் இது அவசரத்துக்கு ஆகும் சமாசாரமாக இருந்தது. வீட்டு இணைப்புக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனை பரவலாக வந்ததே 4ஜிக்கு அப்புறம்தான்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டவரிலிருந்து உங்களுக்கென்று தனிக் குழாய் எதுவும் வருவதில்லை. பெரும்பாலான டவர்களில் மூன்று திசைக்கு மூன்று பிரிவாக ஆண்டெனா இருக்கும், செக்டர் என்பார்கள். உங்கள் செக்டரில் இருக்கிற அத்தனை பேரும் அதே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சாதாரண 4ஜி அலைவரிசை எல்லாம் கூடிவந்தால் விநாடிக்கு 150 மெகாபிட் வரை தரும். ஆனால் அந்த 150 உங்களுக்கு மட்டும் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து. கீழே சொல்லப்போகிற நல்லது கெட்டதில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்திலிருந்துதான் முளைக்கிறது.

அப்போ வைஃபை வேற, இது வேறயா?

வேறு. வைஃபை என்பது உங்கள் ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள சில மீட்டர் தூரம். ரௌட்டருக்குள் இணையம் ஃபைபரில் வருகிறதா, சிம்மில் வருகிறதா என்பது அதற்குத் தெரியாது. "வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரலை" என்று வாரம் ஒருவராவது சொல்கிறார்கள். வைஃபை கோடு நிறைந்திருந்தால் பக்கத்து அறையில் ரௌட்டர் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

போன் ஹாட்ஸ்பாட் போதுமா, தனியா ரௌட்டர் வாங்கணுமா?

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒரு மணி நேரம் லேப்டாப்புக்கு நெட் வேண்டுமென்றால் ஹாட்ஸ்பாட் போதும், காசை வீணாக்காதீர்கள். தினமும் எட்டு மணி நேரம் என்றால் தனி ரௌட்டர்தான் சரி. போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு நெட் போய்விடும், அழைப்பு வந்தால் சில போன்களில் இணைப்பு தடுமாறும், சூடு வேறு (அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது).

ரௌட்டரிலும் இரண்டு வகை. பாக்கெட்டில் போடுகிற, பேட்டரி உள்ள சின்னது ஒன்று; சுவரில் சொருகி வீட்டிலேயே வைக்கிற பெரியது ஒன்று. பயணம் செய்யாதவர்கள் சின்னதை வாங்கி வருடக்கணக்கில் சார்ஜரிலேயே வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பேட்டரி ஒருநாள் உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கென்றால் வீட்டு ரௌட்டர் வாங்குங்கள், ஆண்டெனாவும் அதில் பெரிது. கணினியில் நேராகச் சொருகுகிற டாங்கிள் இன்னும் கிடைக்கிறது, ஆனால் அதற்கான தேவை ரொம்பக் குறைந்துவிட்டது.

சரி, இதுல உண்மையான லாபம் என்ன? விளம்பரம் பேசாம சொல்லுங்க.

முதலாவது, காத்திருக்க வேண்டாம். சிம் உயிர் பெற்ற நிமிடத்திலிருந்து நெட். ஆள் வந்து துளை போட்டு, கம்பி இழுத்து, "இன்னைக்கு வரமுடியலை சார், நாளைக்கு" என்கிற கதை கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வீடு மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரௌட்டரைத் துணி மூட்டையோடு கட்டி எடுத்துப்போய் புது வீட்டில் சொருகினால் முடிந்தது.

அப்புறம், கம்பி போகாத இடத்துக்கும் போகும். ஒப்பந்தம் இல்லாத பேக்குகள் இருப்பதால் வேண்டாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம். தெருவைத் தோண்டி கேபிளை அறுத்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. டவருக்குப் போகிற கேபிளை அறுத்தால் ஆகும், அது வேறு கதை.

100 எம்பிபிஎஸ்னு சொன்னாங்க, டவுன்லோட் பண்ணா 12தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற்றவில்லை. வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவை கணினி மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5, ஆக உங்களுக்குக் கிடைப்பது முழு 100தான். உண்மையில் வேகம் அடிவாங்குகிற இடம் அடுத்த இரண்டு கேள்விகளில் வருகிறது.

சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் ஆமை மாதிரி ஊர்ந்து போகுதே?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். போனில் தெரிகிற கோடுகள் டவரின் குரல் உங்களுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. அந்த டவரில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றாலும் மாலை போட வரிசை நகர்ந்தால்தானே உண்டு, அந்த மாதிரி. எத்தனை கோடு காட்டுவது என்பதற்கும் பொது அளவுகோல் இல்லை, ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் காட்டும்.

கோட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று ஒன்று இருக்கும், டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதன் அளவு, டிபிஎம் அலகில். எப்போதும் கழித்தல் எண்ணாகவே வரும், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -80 என்றால் அருமை, -100 என்றால் சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் கஷ்டம். அதற்குப் பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் என்று இன்னொன்று. இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்று அது சொல்கிறது. 20க்கு மேல் பிரமாதம், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பக்கத்து டவர்கள் குறுக்கே கத்துகின்றன என்று அர்த்தம். இரண்டு எண்ணும் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் கூட்டம்தான் காரணம், உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி எட்டு மணிக்கு மேல செத்துப்போகுது. ஏன்?

முதல் பதிலில் சொன்ன பங்கு சமாசாரம்தான். வேலை முடிந்து வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ போடுகிறார்கள். ஃபைபரிலும் பங்கு உண்டு, ஆனால் அங்கே பங்கு போடுகிற பாத்திரம் பல மடங்கு பெரியது, அதனால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

அதனால்தான் புது சிம் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வேகம் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். காலை பதினோரு மணிக்குப் பார்த்து 60 வருகிறது என்று ஒரு வருட பேக்கைப் போட்டவர் என் சொந்தக்காரர் ஒருவர். ராத்திரி ஒன்பதுக்கு அவருக்கு 4. ஒரு மாத பேக் போட்டு, காலை, மாலை, ராத்திரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை என்று நாலு வேளை பார்த்துவிட்டு அப்புறம் பெரிய பணத்தைக் கட்டுங்கள். உங்கள் தெருவில் எந்த நிறுவனம் நன்றாக எடுக்கிறது என்பதை இணையத்தில் இருக்கிற யாராலும் சொல்லமுடியாது, நான் உட்பட.

ரௌட்டரை எங்க வச்சா நல்லா எடுக்கும்?

ஜன்னலில். எந்த ஜன்னல் என்பதைத்தான் தேட வேண்டும். என் ரௌட்டர் முதல் நாலு மாதம் டிவிக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது, வயர் தெரியக்கூடாது என்பதற்காக. அங்கே -112 காட்டியது, 6 எம்பிபிஎஸ் வந்தது. ஒரு சனிக்கிழமை எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் வைத்து எண்ணைக் குறித்தேன். சமையலறை ஜன்னல் திண்டில் -97, வேகம் 31. இரண்டுக்கும் நடுவில் 15 டெசிபல்தானே என்று தோன்றும். அது மடக்கை அளவு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 15 என்றால் முப்பது மடங்குக்கு மேல். செலவு, நீளமான வயர் ஒன்று.

கவனிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி ஜன்னல்கள் சிக்னலையும் நன்றாகவே தடுக்கும், அந்த ஜன்னலைவிட சாதாரண சுவர் ஓரம் தேவலை என்று ஆகிவிடும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். வெயில் நேராக விழுகிற திண்டும் வேண்டாம், ரௌட்டர் கொதித்து தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜன்னலில் வைத்ததால் உள்ளறைக்கு வைஃபை போகவில்லையென்றால் உள்ளே இன்னொரு சாதாரண வைஃபை ரௌட்டரை வயரில் இணைத்து வைக்கலாம். டவரிலிருந்து வாங்குகிற வேலையை ஒன்றும், வீட்டுக்குள் பரப்புகிற வேலையை இன்னொன்றும் பார்க்கும்.

வெளியில ஆண்டெனா மாட்டினா பிரயோஜனம் இருக்கா?

டவர் தூரத்தில் இருந்து, சுவர்தான் தடை என்றால் நிறையவே இருக்கிறது. ரௌட்டரில் வெளி ஆண்டெனாவுக்கான துளை இரண்டு இருக்க வேண்டும், 4ஜி குறைந்தது இரண்டு ஆண்டெனாவைச் சேர்த்துத்தான் வேலை செய்கிறது. ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு வேகம் கூடவில்லை என்று திட்டாதீர்கள். கேபிள் நீளமானால் அதிலேயே சிக்னல் கரைந்துபோகும், முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

கூட்டம்தான் பிரச்சினை என்றால் ஆண்டெனா பெரிதாகக் கைகொடுக்காது. ஒரு விதிவிலக்கு உண்டு, திசை பார்த்துத் திருப்புகிற ஆண்டெனாவாக இருந்தால் கூட்டம் குறைந்த வேறொரு டவரைப் பார்த்துத் திருப்பிவிடலாம். சிக்னல் பூஸ்டர் என்று விற்கிற பெட்டிகள் வேறு சமாசாரம். அனுமதி இல்லாமல் அவற்றை வைப்பது பல நாடுகளில் குற்றம், அக்கம்பக்கத்தார் எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கும்.

5ஜி ரௌட்டர் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடுமா?

எந்த 5ஜி என்பதைப் பொறுத்தது. 700 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசை ரொம்ப தூரம் போகும், சுவரைத் துளைக்கும், ஆனால் அகலம் குறைவு என்பதால் நல்ல 4ஜியைவிடப் பெரிய வேகம் தராது. 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வருவதுதான் பெரும்பாலோர் 5ஜி வேகம் என்று சிலாகிப்பது. அங்கே ஒரே நிறுவனத்திடம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலம் இருக்கும், முதல் பதிலில் சொன்ன 20ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் நுழையும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். 26, 28 கிகாஹெர்ட்ஸில் வருவது அசுர வேகம், ஆனால் ஒரு சுவர் குறுக்கே வந்தால் அதோடு சரி.

இன்னொன்று, பல இடங்களில் 5ஜி இன்னும் 4ஜியின் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் நடக்கிறது. இணைப்பைப் பிடித்து நிறுத்துவது 4ஜி, வேகம் கூட்டுவது மட்டும் 5ஜி. உங்கள் வீட்டில் 4ஜியே தள்ளாடுகிறது என்றால் 5ஜி சின்னம் வந்தும் தள்ளாடலாம். முதலில் ஒரு 5ஜி போனை, வாங்கப்போகிற நிறுவனத்தின் சிம்மோடு, ரௌட்டர் வைக்கப்போகிற ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

மழை பெஞ்சா நெட் போகுமா?

4ஜியும் பெரும்பாலான 5ஜியும் ஓடுகிற அலைவரிசைகளுக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. மேலே சொன்ன 26, 28 கிகாஹெர்ட்ஸுக்குத்தான் மழை வலிக்கும். ஆனால் மழை நாளில் நெட் மோசமாவது கற்பனை இல்லை. டவருக்கு மின்சாரம் போயிருக்கும், இரண்டு டவர்களுக்கு நடுவே ஓடுகிற மைக்ரோவேவ் இணைப்பு தடுமாறும், எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்து வீடியோ பார்ப்பார்கள்.

மாசத்துக்கு எவ்வளவு ஜிபி வேணும்?

ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: விநாடிக்கு 1 மெகாபிட் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. இதை வைத்து எதையும் கணக்குப் போடலாம். சாதாரணத் தரத்தில் வீடியோ மணிக்கு சுமார் 1 ஜிபி, எச்டி என்றால் 3 வரை, 4கே என்றால் 7 வரை. குழுவாக வீடியோ மீட்டிங் மணிக்கு 1 ஜிபியைத் தொடும், கேமராவை அணைத்தால் வெகுவாகக் குறையும். நல்ல தரத்தில் பாட்டு கேட்டால் 320 கிலோபிட், மணிக்கு 144 எம்பி. தினம் நாலு மணி நேரம் மீட்டிங், இரண்டு மணி நேரம் எச்டி வீடியோ, ஒரு நாளைக்கே 10 ஜிபி. ஒரு ஆள் கணக்கு இது.

நாம் பார்க்காதபோது தின்பது வேறு. கணினி அப்டேட், போனிலிருந்து போட்டோ மேகத்துக்கு (கிளவுட் என்கிற இணையச் சேமிப்புக்கு) ஏறுவது, 100 ஜிபியைத் தாண்டுகிற கேம்கள், யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும் டிவி. வீட்டுக்கு விருந்தாளி வந்து வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்த அரை மணியில் அவருடைய ஒரு மாத போட்டோவும் உங்கள் டேட்டாவில் ஏறியிருக்கும், அவருக்கே தெரியாது. கணினியில் இந்த இணைப்பை 'மீட்டர்ட்' (அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறித்துவையுங்கள், பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். வீடியோ செயலிகளில் தரத்தை இறக்கிவையுங்கள், போன் திரையில் 4கேவுக்கும் எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அன்லிமிடெட்னு போட்டிருந்தது, பாதி மாசத்துலயே வேகம் போச்சு. என்ன அநியாயம் இது?

அநியாயம்தான், ஆனால் அடியில் பொடி எழுத்தில் எழுதிவைத்திருப்பார்கள். இத்தனை ஜிபிக்கு மேல் போனால் வேகம் குறைக்கப்படும் என்ற வரி. டேட்டா நிற்கவில்லையே, அதனால் 'அன்லிமிடெட்' என்பது அவர்கள் வாதம். குறைத்து 64 கிலோபிட்டுக்குக் கொண்டுவந்தால் 3 எம்பி போட்டோ ஒன்று இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதை நெட் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிபிக்கு மேல் குறைப்பீர்கள், எவ்வளவுக்குக் குறைப்பீர்கள். மூன்றாவதாக, ஹாட்ஸ்பாட்டுக்கும் ரௌட்டருக்கும் இந்த சிம் செல்லுமா என்பதையும். போனுக்கு மட்டும் என்று விற்கிற சிம்மை ரௌட்டரில் போட்டால் சில நிறுவனங்கள் கண்டுபிடித்து நிறுத்திவிடும்.

ஸ்பீடு டெஸ்ட்ல 40 வருது, ஆனா மீட்டிங்ல என் குரல் உடையுதுன்னு சொல்றாங்க. எப்படி?

ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தில் இருக்கிற சர்வரோடு, பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து, சில விநாடிகளுக்கு எவ்வளவு அள்ளமுடியும் என்று பார்க்கிறது. மீட்டிங்குக்கு அள்ளுவது முக்கியம் இல்லை, சீராக வருவது முக்கியம். அதிலும் உங்கள் குரல் போவது மேல்நோக்கி. டவர் பல வாட் சக்தியில் பேசுகிறது, உங்கள் ரௌட்டரோ போனோ 0.2 வாட் அளவில் பதில் சொல்கிறது. டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் முனகுவது டவருக்குச் சரியாகக் கேட்காது. சிக்னல் பலவீனமான இடத்தில் முதலில் சாவது அப்லோட்தான். ஆகவே டவுன்லோட் எண்ணை மட்டும் பார்த்து மகிழாதீர்கள், அப்லோடையும் பிங்கையும் பாருங்கள்.

பிங் என்பது ஒரு தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். ஃபைபரில் பக்கத்து சர்வருக்கு 5 முதல் 15 மில்லிவிநாடி, 4ஜியில் 30 முதல் 50 சாதாரணம். அது பரவாயில்லை. ஆனால் 40, 45, 300, 50, 420 என்று துள்ளினால் குரல் உடையும். இன்னொரு ஆள் அதே ரௌட்டரில் பெரிய கோப்பை ஏற்றும்போது பாருங்கள், வரிசை நீண்டு பிங் விநாடிக் கணக்கில் போகும். எனக்கு நடந்தது: ஒரு நேர்முகத் தேர்வில் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன், எதிரில் இருந்தவர் முகம் மாறாமல் காத்திருக்கிறார், பதினைந்து விநாடி கழித்து "சார், உங்க கேள்வி வரலை" என்கிறார். அடுத்த அறையில் என் போன் 2 ஜிபி வீடியோவை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. மீட்டிங் நேரத்தில் தானாக ஏற்றுகிற எல்லாவற்றையும் நிறுத்துங்கள், முடிந்தால் லேப்டாப்பை வயரில் ரௌட்டரோடு இணையுங்கள்.

கேம் ஆட இது சரிப்படுமா?

அடித்துப்பிடித்து ஆடுகிற துப்பாக்கிச் சண்டை வகைக்கு, மேலே சொன்ன துள்ளல் காரணமாக, சலிப்புதான். நிதானமாக ஆடுகிற வகைகளுக்கு ஒரு குறையும் இல்லை. கேமை இறக்குவதற்கு மட்டும் வேறு யாருடைய ஃபைபரையாவது தேடுங்கள்.

வீட்டு கேமராவை வெளியிலிருந்து பாக்கவே முடியலை. ரௌட்டர்ல போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ள வர்ற வழி, திறந்தும் வரலை.

சிம்மில் அப்படித்தான் இருக்கும், உங்கள் தப்பு இல்லை. ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒரு இணைப்பின் விலாசம். அதில் பழைய வகை, ஐபிவி4 என்பவை, மொத்தமே சுமார் 430 கோடிதான். ஆளுக்கொன்று கொடுக்க நிறுவனங்களிடம் இல்லை. அதனால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை உட்காரவைக்கிறார்கள், இதற்குப் பெயர் சிஜிநாட். வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் அது எந்த வீட்டுக்கு என்று தெரியாது. ரௌட்டரின் பக்கத்தில் உங்கள் ஐபி 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் இதில்தான் இருக்கிறீர்கள். 2012ல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. வேறு எண்ணாக இருந்தும் வெளியே தெரிகிற ஐபியோடு பொருந்தவில்லையென்றாலும் அதே கதைதான்.

வழிகள் உண்டு. தன் நிறுவன சர்வர் வழியாகத் தானே வெளியே போய்ப் பேசுகிற கேமராவாக இருந்தால் தடை இல்லை. விபிஎன் சுரங்கம் (வெளியே உள்ள ஒரு சர்வரோடு போட்டுக்கொள்கிற தனி மறைவழி) போடலாம், புது வகை முகவரியான ஐபிவி6 கிடைத்தால் அதையும் முயலலாம். நிரந்தர ஐபி கொடுப்பார்களா என்று கேட்டுப்பாருங்கள், தனிக் கட்டணம் இருக்கும். ஒன்று மறக்காதீர்கள், நாள் முழுக்க வீடியோ ஏற்றுகிற கேமரா உங்கள் டேட்டாவை மென்று விழுங்கும். 2 மெகாபிட் என்றால் முன்னே சொன்ன கணக்கில் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல். அசைவு தெரிந்தால் மட்டும் ஏற்றும்படி வையுங்கள்.

பொது இடத்து வைஃபையைவிட இது பாதுகாப்பா?

பாதுகாப்புதான். 4ஜியில் போனுக்கும் டவருக்கும் நடுவில் போவது குறியாக்கம் ஆகிப் போகிறது, பக்கத்து மேசையில் இருப்பவர் எட்டிப்பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வங்கி வேலையைக் காத்திருப்பு அறை வைஃபையில் செய்வதைவிட சொந்த டேட்டாவில் செய்வேன். பழைய 2ஜி மட்டும் பலவீனம், போலி டவர் வைத்து அதில் ஏமாற்ற முடியும். உங்கள் போனில் 2ஜியை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ரௌட்டர் வாங்கியவர்கள் அதன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவேண்டும், சொன்னால் யாரும் கேட்பதில்லை.

ஹாட்ஸ்பாட் போட்டா போன் சுடுது. பேட்டரி கெட்டுப்போகுமா?

மெதுவாகக் கெடும். போன் ஒரே நேரத்தில் டவரோடும் பேசுகிறது, வைஃபையும் பரப்புகிறது, பெரும்பாலும் சார்ஜரிலும் இருக்கிறது. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது சூடு. சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் இன்னும் கத்திப் பேசவேண்டியிருக்கும், இன்னும் சுடும். ஹாட்ஸ்பாட் நேரத்தில் உறையைக் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் நிழலில் வையுங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். லேப்டாப் பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி வயரில் டெதரிங் போடுங்கள், அதாவது போனின் நெட்டை வயர் வழியே லேப்டாப்புக்குக் கொடுங்கள், வைஃபை பரப்புகிற வேலை மிச்சம்.

வெளிநாடு போறப்ப இதே சிம் ஓடுமா?

ஓடும், பில் வந்தபிறகு நீங்கள் ஓடுவீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் என்றால் ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் முதல் தனி ரோமிங் கட்டணம் இல்லை, அதிலும் நியாயமான அளவு என்று ஒரு வரம்பு உண்டு. மற்றபடி ரோமிங் பேக்கை முன்கூட்டியே போடுங்கள், அல்லது போன் இடம் கொடுத்தால் போகிற நாட்டின் இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிற சிம்) வாங்கிக்கொள்ளுங்கள், பழைய சிம் அழைப்புக்கும் வங்கி குறுஞ்செய்திக்கும் அப்படியே இருக்கட்டும். கிளம்புவதற்கு முன்னால் பழைய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்தாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள்.

கரண்ட் போனா இதுவாவது வருமா?

டவருக்குப் பேட்டரி உண்டு, பல இடங்களில் ஜெனரேட்டரும் உண்டு, அதனால் கொஞ்ச நேரம் வரும். உங்கள் ரௌட்டருக்கு மின்சாரம் வேண்டுமே, அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். ஊரே இருட்டானால் எல்லோரும் வைஃபையை விட்டு டவருக்கு மாறுவார்கள் என்பதால் வேகம் விழும். பெரிய புயல், வெள்ளம் என்றால் டவர் பேட்டரியும் தீர்ந்துபோகும், அப்போது இதை நம்பாதீர்கள்.

அப்போ கேபிளை வெட்டிட்டு இதுக்கே மாறிடலாமா?

தனி ஆள், அடிக்கடி வீடு மாறுகிறவர், பார்ப்பது பெரும்பாலும் போனில் என்றால் மாறிவிடுங்கள், எதையும் இழக்கமாட்டீர்கள். நாலு பேர் வீடு, இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை, ஒருவர் கேம், வாசலில் ஃபைபர் கிடைக்கிறது என்றால் மாறாதீர்கள். மாதம் கொஞ்சம் மிச்சமாகும், ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் சண்டை நடக்கும். ஃபைபரே வராத இடம் என்றால் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற பழைய வகை செயற்கைக்கோள் இணைப்பைவிட இது எவ்வளவோ மேல், அங்கே போய்வரவே 600 மில்லிவிநாடி ஆகும். தாழ்வாகச் சுற்றுகிற புது வகை செயற்கைக்கோள்கள் அந்த விஷயத்தில் நல்ல போட்டிதான், டவரே இல்லாத இடத்தில் அதைத்தான் சொல்வேன்.

ரெண்டும் வச்சுக்கிட்டா வீண் செலவா?

நெட் போனால் வருமானம் போகும் என்கிறவருக்கு வீண் இல்லை. நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். முதன்மை ஃபைபர், பின்னால் சிம். சில ரௌட்டர்கள் ஃபைபர் செத்தவுடன் தானாகவே சிம்முக்குத் தாவும். அது இல்லாவிட்டாலும் கையால் மாற்ற ஒரு நிமிடம். மாற்று சிம்மை வேறு நிறுவனத்தில் வாங்குங்கள், இரண்டும் ஒரே நிறுவனம் என்றால் அவர்களுக்குக் கோளாறு வரும்போது இரண்டும் சேர்ந்து படுக்கும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம், அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து வையுங்கள். போன வருடம் என் ஃபைபர் இரண்டு நாள் போனபோது பெருமையாக ரௌட்டரைச் சொருகினேன், சிக்னல் -97, எல்லாம் பச்சை விளக்கு, நெட் மட்டும் இல்லை. வேலிடிட்டி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ரீசார்ஜ் செய்ய ஓடிபி அந்த சிம்முக்கே வந்தது, ரௌட்டரின் குறுஞ்செய்திப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் மாதம் முதல் தேதி ஃபைபர் வயரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் சிம்மிலேயே ஓட்டிப் பார்க்கிறேன்.